பச்சைக் கதவில் செவ்வந்தி மாலை

என் தம்பி தோகாவில் இருந்தான், நான் பாலெர்மோவில் இருந்தேன். அவனுக்கும் வாசலில் கடல், எனக்கும் வாசலில் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைக்கும்போது யாருடைய கரையில் கட்டுப்பாடு கூட என்று இரண்டு பேரும் போட்டி போடுவோம். தன் வளைகுடாக் கரையில் அரைக்காற்சட்டையோடு கடைக்குப் போக முடியாது என்பான் அவன். என் வளைகுடாக் கரையில் நைற்றியோடு பல்கனிக்குப் போக முடியாது என்பேன் நான். அவன் நம்பமாட்டான். இத்தாலி என்றால் படத்தில் பார்க்கிற இத்தாலி என்று அவனுக்கு நினைப்பு. நகரத்தின் ஓரத்து மீன்பிடி ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் என் வீட்டுக்காரியின் சட்டத்துக்குக் கீழே ஒரு மாதம் இருந்து பார், பிறகு கதை என்று சொல்வேன்.

அந்த வீடு கிடைத்ததே பெரிய பாடு. அதற்கு முன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு குடும்பம் ஒரு குசினியைப் பங்குபோட்ட வீட்டில், ஓர் அறையில் இருந்தோம். என் தேங்காய்ப்பூவை எடுத்தது யார், சுடுதண்ணீரை முடித்தது யார் என்று நாளுக்கொரு சண்டை. சண்டை என்று வந்தால் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை, அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் உண்மையான கவலை வேறு. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளைக் கூப்பிடுவதற்குச் சம்பளத் துண்டு இருந்தது, இங்கே தங்குகிற பெர்மெஸ்ஸோ இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான், முறைப்படி பதிந்த வீட்டுக் கொன்ராத்தோ, வாடகை ஒப்பந்தம். அந்த ஒரு தாள் இல்லாமல் மற்ற எந்தத் தாளுக்கும் மதிப்பில்லை என்று விசா அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வீடு தேடிப் போன இடமெல்லாம் முதலில் நன்றாகத்தான் கதைப்பார்கள். பிரான்காச்சோவில் ஒருவர் குளியலறை வரைக்கும் திறந்து காட்டி, கோப்பியும் தந்தார். பிள்ளை ஒன்று வரப்போகிறது என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பிள்ளை என்றால் சுவரில் கீறும், ஓடும், பிறகு வீட்டை விட்டு எழுப்பவும் முடியாது என்றார். இன்னொருவர் பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் வீடு நேற்றே போய்விட்டது என்றார். பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். என் கணவர் அழவில்லை, யோசித்தார். இனிமேல் பிள்ளையைப் பற்றி வாயே திறப்பதில்லை, தாள் கையில் வந்த பிறகு சொல்லுவோம் என்று முடிவெடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையை ஒளிப்பதா என்று இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். பிறகு வேறு வழி தெரியாமல் ஓம் என்றேன்.

அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அங்கே மீன் கொண்டுவந்து போடுகிறவர் சொல்லித்தான் இந்த வீடு தெரியவந்தது. துறைமுகத்தில் இருந்து இரண்டாவது தெரு. பச்சைக் கதவு, கதவின் நடுவில் பித்தளைக் கைப்பிடி. கீழ்வீட்டில் வீட்டுக்காரி, மேல்வீடு எங்களுக்கு. தெருக்கதவு இரண்டு வீட்டுக்கும் பொது.

வீட்டுக்காரி ஒரு மீன்பிடிகாரரின் விதவை. அறுபத்தெட்டு வயது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடமாகியும் கறுப்பு உடுப்பைத் தவிர வேறு உடுத்தியதில்லை. அவ கதைப்பது சிசிலியன், எனக்குத் தெரிந்தது வேலைவீட்டில் பொறுக்கிய இத்தாலியன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு விளங்கியதை என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன். முதல் நாளே எங்களை வாசலில் நிற்கவைத்துச் சட்டங்களைச் சொன்னா. தெருப்பக்கம் எதையும் தொங்கவிடக் கூடாது. ஒரு மணியில் இருந்து நாலு மணி வரை சத்தம் கூடாது. எதிரே வருகிற எல்லாருக்கும் முதலில் நீ வணக்கம் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை பாரில் கதிரை போட்டு இருந்து கோப்பி குடிக்கக் கூடாது, நின்று குடித்துவிட்டு வரலாம். கடைசியாக இரண்டு விரலைத் தூக்கி என் மூக்குக்கு நேரே காட்டினா.

"ரெண்டு பேர். ரெண்டே ரெண்டு. மூண்டாவது ஆள் வந்தால் மூண்டு பேரும் வெளியிலை."

கொன்ராத்தோவை உடனே எழுதமாட்டாவாம். ஒக்தோபர் முழுக்க எங்களைப் பார்ப்பாவாம். நவம்பர் இரண்டாம் தேதி அவர்களுக்கு இறந்தவர்களின் நாள். அது சனிக்கிழமை. அது கழிந்து திங்கட்கிழமை, எங்களைப் பிடித்திருந்தால் போய் எழுதலாம், பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டலாம். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினோம்.

அந்த ஒக்தோபர் மாதம் நான் இருந்த மாதிரி என் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் மாமியார் வீட்டில்கூட இருக்கவில்லை. படியில் சத்தம் கேட்கும் என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருவில் நாய்க்கும் வணக்கம் சொன்னேன். ஒரு நாள் உடுப்புக் காயப்போட நைற்றியோடு பின்பல்கனிக்குப் போனதற்கு, கீழே இருந்து ஐந்து நிமிடம் அர்ச்சனை. படுக்கிற உடுப்போடு வெளியில் வருகிற பெண்ணை இந்தத் தெரு மறக்காதாம். எங்கள் ஊரில் நைற்றியோடு சந்தைக்கே போய் வருவோம் என்று சொல்ல வாய் துடித்தது. கொன்ராத்தோவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த மாதம் முழுக்க என்னிடம் இருந்தது பொறுமை இல்லை, பயம்தான்.

தெருச்சனமும் லேசுப்பட்டதல்ல. நான் வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார்கள். அவ்வளவுதான். செப்டெம்பர் கடைசியில் ஊர்த் திருவிழாவில் தங்கள் இரண்டு சாமிகளையும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருத்தெருவாக ஓடியவர்கள், எங்களைக் கண்டால் மட்டும் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். நேர் எதிர்வீட்டில் வீட்டுக்காரியின் மச்சாள், செத்துப்போன புருஷனின் அக்கா, இருந்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சன்னல் திறப்பார்கள், ஒரே நேரத்தில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். புருஷன் செத்த வருடமே அவருடைய படகை வீட்டுக்காரி யாரிடமும் கேளாமல் விற்றுவிட்டா. அது தங்கள் தகப்பன் காலத்துப் படகு என்று மச்சாளுக்குக் கோபம். பன்னிரண்டு வருடமாக அந்த ஒடுங்கிய தெருவைக் குறுக்கே கடக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. இதெல்லாம் எனக்கு வீடு காட்டித்தந்த அந்த மீன்காரர் சொன்னது. எங்கள் ஆட்களுக்கு இவர்கள் ஒரு குறைவும் இல்லை என்று அன்றைக்கு என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வருடம் தீபாவளியும் நவம்பர் இரண்டில் வந்தது. இறந்தவர்களின் நாளும் அன்றைக்குத்தான் என்பதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவர்கள் சவக்காலைக்குப் போவார்கள், நாங்கள் எண்ணெய் வைத்து முழுகுவோம், அவரவர் பாடு என்று நினைத்தேன். வீடியோவில் மகளோடு கதைக்கும்போது அவள் கேட்டாள், அது எங்களுடைய வீடா, இல்லாவிட்டால் இன்னும் ஆட்களோடு இருக்கிற வீடா என்று. எங்களுடைய வீடுதான் என்றேன். அப்படியென்றால் தீபாவளிக்கு வாசலில் மாலை கட்டிக் காட்டு, பெரியம்மா வீட்டில் கட்டுகிற மாதிரி என்றாள். மூன்று தீபாவளியாக அவளைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, முடியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "என்னப்பா விளையாடுறீரே? தெருப்பக்கம் ஒண்டும் தொங்கக் கூடாதெண்டு மனுசி படிச்சுப் படிச்சுச் சொன்னது. ரெண்டு நாள் பொறும்."

நான் விடவில்லை. மனுசி சொன்னது துணியை, பூவை இல்லை. அதோடு அன்றைக்கு விடிய அவ தன் தங்கையின் மகனோடு நகரத்துச் சவக்காலைக்குப் போகிறா, மத்தியானத்துக்கு முன் திரும்பமாட்டா என்று அவவே சொல்லியிருந்தா. ஏழு மணிக்குக் கட்டுவேன், பிள்ளைக்குக் காட்டுவேன், பதினொரு மணிக்கு முன் கழற்றிவிடுவேன். யாருக்கு என்ன நட்டம்? என் வாதம் எனக்கு மிகத் திறமாகத் தெரிந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் வேலை முடிந்து, ஸ்தாசியோனேக்குப் பக்கத்துக் கடையில் உழுத்தம்மாவும் பயறும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், ஐயோ, ரோட்டின் கரையெல்லாம் செவ்வந்தி. மஞ்சளும் வெள்ளையும் வாளி வாளியாக. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் இவ்வளவு செவ்வந்தியை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. வந்ததில் இருந்து ஐந்தாம் மாடியில் ஒரு நோயாளியைப் பார்க்கிற வேலை, விடிய ஏறினால் பொழுதுபட இறங்குவேன், தெருவில் எந்த மாதம் என்ன பூ விற்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? தீபாவளி வருகிறது என்று கடவுளே அனுப்பிவைத்ததாக நினைத்து ஆறு கட்டு வாங்கினேன். பூக்காரர் என் முகத்தைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டி, இரண்டு கட்டு சும்மா தந்தார். பஸ்ஸில் ஏறினால் ஒரு வயதான மனிதர் எழும்பி எனக்கு இடம் விட்டார். பாலெர்மோச் சனம் எவ்வளவு நல்ல சனம் என்று கணவரிடம் போய்ப் புகழ்ந்தேன்.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு எழும்பி எண்ணெய் வைத்து முழுகினோம். ஐந்தரைக்கு வீட்டுக்காரியை ஏற்றிப் போகக் கார் வந்தது. சன்னல் பலகைகளை அடைத்துவிட்டுப் போய்விட்டா. கணவர் உணவகத்துக்கு இறங்கினார். நான் புதுச்சேலை உடுத்து, தலைமயிரைக் காயவிட்டு, ஏழு மணிக்கு அந்தப் பச்சைக் கதவின் நிலையில் நாலு முழச் செவ்வந்தி மாலையைக் கட்டினேன். கைப்பிடியிலும் ஒரு வளையம் போட்டேன். வாசற்படியில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்தேன். தொலைபேசியைப் பிடித்து மகளுக்குக் காட்டினேன். அவள் கை தட்டினாள். பெரியம்மாவையும் பக்கத்துவீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "இதுதான் எங்கடை வீடு" என்று காட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில் பணியாரம் சுடத் தெருக்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

எட்டரை மணியிருக்கும். படியில் காலடிச் சத்தம். பார்த்தால், மூன்றாம் வீட்டு மீன்பிடிகாரரின் மனைவி, ஒரு மாதமாக என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புக் கூடச் சிரிக்காதவ, கறுப்பு உடுப்போடு, கையில் துணியால் மூடிய தட்டோடு நிற்கிறா. ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினா. தட்டை மேசையில் வைத்தா. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. மகள் வீடியோவில் கத்திய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும், இன்றைக்கு எங்களுக்குப் பெருநாள் என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு உடுப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அன்றைக்குச் சவக்காலைக்குப் போகிற எல்லாரும் கறுப்பில்தான் இருந்தார்கள்.

எப்போது என்று அவ மெல்லக் கேட்டா. விடிய நாலு மணிக்கே எழும்பிவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவ நெற்றியில் சிலுவை போட்டா. நான் சிரித்துக்கொண்டு ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரத்தையும் முறுக்கையும் நீட்டினேன். அவ அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு முறுக்கை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் போய் இருந்தா.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். கோழிச் சூப் ஒரு சட்டி. கத்தரிக்காய்க் கறி ஒரு கிண்ணம். வயிற்றுக்குள் ரொட்டித்தூள் அடைத்த மத்தி மீன் ஒரு தட்டம். மீன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு போத்தல் வைனை வைத்தார். என் குசினியில் இருந்த நாலு கதிரையும் நிறைந்து, ஆட்கள் சுவரோடு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. இவர்கள் பெருநாள் வீட்டுக்கு இப்படித்தான் வருவார்கள் போலிருக்கிறது, மரியாதை தெரிந்த சனம் என்று நினைத்து, நான் ஒருத்தி மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் பணியாரம் பரிமாறினேன். மூன்று வருடம் இந்த நாட்டில் யாருக்கும் வேண்டாத ஆளாக இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் நான் ஒரு வீட்டின் மனுசியாக நிற்கிறேன் என்று தோன்றியது. கண்ணீர்கூட வந்தது. அதைக் கண்டு மற்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

கடைசியாக வந்தவ எதிர்வீட்டு மச்சாள். பெரிய தகரத் தட்டு நிறைய வளையம் வளையமான பாஸ்தாவை அவணில் சுட்டுக் கொண்டுவந்திருந்தா. தட்டை மேசையில் வைத்துவிட்டு என் கதிரையில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா. சும்மா அழுகை இல்லை, நெஞ்சில் அடித்து அழுகிற அழுகை. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. தீபாவளிக்கு யார் இப்படி அழுவார்கள்? மேசையைப் பார்த்தேன். வரிசையாகச் சமைத்த சாப்பாடு, ஒரு பலகாரம் இல்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கு இப்படிச் சமைத்துக் கொண்டுபோவோம் என்று எனக்குத் தெரியும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலட்டைதான் சாப்பாடு கொடுக்கும்.

யார் செத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்கு முன் படியில் ஒரு குரல் அதே கேள்வியைக் கேட்டது.

"ஆர் செத்தது?"

வாசலில் வீட்டுக்காரி நின்றா. கையில் ஒரு வாளியும் பூ வெட்டுகிற கத்தரிக்கோலும். சவக்காலையில் சனம் கூடிவிட்டதால் வெள்ளெனத் திரும்பிவிட்டா. தெருமுனையில் இருந்து இறங்கி நடந்துவரும்போது, பாரில் நின்ற ஆண்களெல்லாம் கோப்பியை வைத்துவிட்டுத் தன்னைப் பார்த்துச் சிலுவை போட்டார்களாம். இது பிறகு சொன்னது. மூன்றாம் வீட்டுக்காரியின் கையில் இருந்த முறுக்கு கீழே விழுந்தது.

மச்சாள் முகத்தில் இருந்த கையை எடுத்தா. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்காரியோடு கதைத்த முதல் சொல் அதுதான்.

"நீ."

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். செவ்வந்தி இவர்களுக்குச் சாவுப் பூ. சவக்காலையைத் தவிர வேறெங்கும் கொண்டுபோகாத பூ. அந்தப் பூ இந்த வீட்டுக் கதவில் தொங்கியது, படியில் விளக்கு எரிந்தது, விடிய ஆறு மணிக்குத் திறக்கிற சன்னல் திறக்கவில்லை, விடியப்புறம் தங்கையின் மகனின் கார் வந்து போனதைக் கண்டவர்களும் இருந்தார்கள். போதாதற்கு மேல்வீட்டுக்காரி தலைமயிரை விரித்துப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். கீழ்வீடு பூட்டிக் கிடந்ததால் சாப்பாட்டோடு மேலே ஏறி வந்தார்களாம். வேறு என்ன வேண்டும்? பூக்காரரும் பஸ்ஸில் இடம் விட்ட மனிதரும் என் கண்முன் வந்து நின்றார்கள். நான் அவர்கள் தெருவில் ஆள் உயிரோடு இருக்கும்போதே செத்தவீடு கொண்டாடி, வந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டு பலகாரமும் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுகம். வாசலில் என்னத்தைக் கட்டி வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டா. தெருப்பக்கம் எதையும் தொங்கவிடாதே என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டா. திங்கட்கிழமை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. கொன்ராத்தோ போயிற்று, பிள்ளை வருவதும் போயிற்று. ஒரு மாதமாக மூடிவைத்த வாய் அந்த இடத்தில் உடைந்தது.

எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். இடைக்கிடை தமிழும் வந்தது. இது எங்களுக்குச் சாமிப்பூ, சாவுப்பூ இல்லை. இன்றைக்கு எங்களுக்குப் பெரிய நாள். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள், எட்டு வயது, மூன்று வருடமாக நான் அவளைத் தொட்டதில்லை. நீங்கள் இரண்டு பேர் என்று விரலைக் காட்டினதால் சொல்லவில்லை. எல்லாரும் பிள்ளை என்றதும் கதவைச் சாத்தினார்கள், அதனால் சொல்லவில்லை. அவள் எங்கள் வீட்டு வாசலில் பூக் கட்டிக் காட்டச் சொன்னாள், கட்டினேன். பிழைதான். ஆனால் பிள்ளை கேட்டால் நான் என்ன செய்ய? கடைசியில் எனக்கே கோபம் வந்து, "இப்ப என்ன, பெட்டியைக் கட்டட்டோ, சொல்லுங்கோ" என்று தமிழில் கேட்டுவிட்டு நின்றேன்.

வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்தா. ஒரு கதிரையை இழுத்து இருந்தா. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தா. பிறகு ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கத் தொடங்கினா. சூப்பைத் திறந்து மணந்து பார்த்தா. மத்தி மீனை எண்ணி, என்னுடைய சாவுக்கு எட்டு மீன்தானா என்று அதைக் கொண்டுவந்தவவைக் கேட்டா. அவ நெளிந்தா. வைன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நான் உயிரோடு இருக்கும்போது இப்படி ஒரு போத்தல் நீ தந்ததில்லை என்று மீன்காரரிடம் சொன்னா. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு குசினி முழுக்கச் சிரித்தது. கடைசித் தட்டுக்கு வந்தா. வளையப் பாஸ்தா. துணியை விலக்கிவிட்டு மச்சாளைப் பார்த்தா. இத்தனை வருடம் ஏன் தெருவைக் கடக்கவில்லை என்று கேட்டா.

"நீ இத்தனை வருசம் சாகேல்லையே" என்றா மச்சாள்.

அன்றைக்கு என் குசினியில் அந்தத் தெருவே சாப்பிட்டது. வீட்டுக்காரி தன் செத்தவீட்டுச் சாப்பாட்டில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா. முறுக்கைக் கடித்து, பல்லுப் போகப் பார்த்தது என்று திட்டினா, ஆனால் முடித்தா. என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. எழும்பும்போது அந்த மாலையைக் கழற்று, இல்லாவிட்டால் பொழுதுபடும் வரை சனம் சட்டியோடு வந்துகொண்டிருக்கும் என்றா. நான் ஓடிப்போய்க் கழற்றினேன். அதை வாங்கித் தன் வாளிக்குள் வைத்தா. பின்னேரம் அவவும் மச்சாளும் பஸ் தரிப்புக்கு நடந்து போனார்கள். என் செவ்வந்தி மாலையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். படகு விற்கப்பட்ட அந்த மனிதரின் கல்லறைக்குத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீழ்வீட்டில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. "நான் சொன்னனான்" என்று கணவர் நாலு தரம் சொன்னார். ஐந்தாம் தரம் சொன்னால் அகப்பையால் போடுவேன் என்றேன். சொல்லிவிட்டு நானே பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்துத் தூசி தட்டினேன். மகள் வீடியோவில் வந்தபோது சுகமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்குப் பொய் சொன்னது அதுதான் முதல் தரம்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கதவில் தட்டுச் சத்தம். வீட்டுக்காரி கைப்பையோடு நின்றா. "பாஸ்போட்டை எடுங்கோ. பஸ் எனக்காக நிக்காது" என்றா. பஸ்ஸில் சன்னல் பக்கம் இருந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தா. எழுதப் போகிறாவா, எங்கேயாவது முறைப்பாடு கொடுக்கப் போகிறாவா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம்.

பத்திரம் எழுதுகிற அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, எத்தனை அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீட்டில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று கேட்டாள். என் கணவர் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு பேர் என்றார்.

வீட்டுக்காரி மேசையில் தட்டினா. அந்தக் கையைத் தூக்கி, கண்ணாடிப் பெண்பிள்ளையின் மூக்குக்கு நேரே மூன்று விரலைக் காட்டினா.

"மூண்டு" என்றா. "மூண்டெண்டு எழுது."